பொருந்திய சாவி

அக்டோபர் 9, திங்கள்

பேசாமல் இருந்தது போதும். இந்தக் கல்லூரி ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் செய்வதை இன்றிலிருந்து தேதி போட்டு எழுதப் போகிறேன். பதிவாளருக்கு இதுவரை பதினான்கு கடிதங்கள் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நாள், நேரம், இடம் சேர்த்து ஒரு நோட்டு நிறைய எழுதி மேஜைமேல் வைத்தால் அப்படியொன்றும் நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் வேலை பார்க்கிற கல்லூரி நூலகத்தில் பாதிப் பக்கங்கள் வெற்றாகக் கிடந்த பழைய பதிவேடு ஒன்றை இதற்காக எடுத்துக்கொண்டேன்.

காலை 8.50, முதன்மை வாயில்: ஒரு சைக்கிளில் மூன்று பேர். 8.52: ஒருவன் ஒரு கையில் கைபேசி, மற்றொரு கையில் பரோட்டாப் பொட்டலம், கைப்பிடியில் கையே இல்லை. 8.55, வளைவு: எதிர்த்திசையில் வந்தவன் என் சைக்கிளின் முன்கூடையில் இடித்தான். இடித்துவிட்டு, "பாத்து வரக் கூடாதா அங்கிள்?" என்றான். கூட வந்தவன், "டேய், லேடிஸ் சைக்கிள்டா, மரியாதையாப் பேசு" என்றான். இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

நான் ஓட்டுவது பெண்கள் சைக்கிள்தான். என் மகள் சுடர்க்கொடி பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. நீல நிறம், முன்னால் கூடை. வீட்டில் சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று ஓட்டுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்டோபர் 11, புதன்

மழை வரும் போலிருந்து வரவில்லை. நான் ஏன் சைக்கிளைக் கல்லூரி நிறுத்துமிடத்தில் விடுவதில்லை என்று உதவி நூலகர் லூயிஸ் கேட்டார். அதை நடத்தும் அம்சவல்லி போன வருடம் ஐம்பது மாணவர்கள் முன்னால், "லேடிஸ் சைக்கிள் சார் வந்துட்டாரு, வழி விடுங்கப்பா" என்றாள். அன்றிலிருந்து அவள் தகர டோக்கனை நான் கையால் தொடுவதில்லை. நூலகத்துக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறேன். லூயிஸிடம் இதைச் சொல்லவில்லை. "அங்கே நிழல்" என்றேன்.

மாலையில் தில்லைநாயகம் எதிரே நடந்து வந்தான். கைகாட்டினான். நான் பார்க்காததுபோல் போனேன். எம்.ஏ.வில் எனக்கு அடுத்த பெஞ்சு. என் குறிப்புகளைப் பார்த்துப் படித்தவன். இருபத்துநான்கு வருடங்களுக்கு முன் ஒரே ஒரு விரிவுரையாளர் இடத்துக்கு இருவரும் நேர்காணலுக்குப் போனோம். அவன் இன்று பேராசிரியர், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தலைவர். நான் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறேன்.

அக்டோபர் 13, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் இரண்டே காலுக்குப் பதினைந்தாவது கடிதத்தோடு அஞ்சலகத்துக்குக் கிளம்பினேன். பதிவாளர் அலுவலகம் நூலகத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் நேரில் கொடுத்தால் வரவே இல்லை என்பார்கள். பதிவுத் தபால் ரசீது இருந்தால் பேச முடியாது. போகிற வழியில் எதிர்த்திசையில் வந்தவர்கள் நால்வர். மணி அடித்தும் ஒதுங்கவில்லை. ரசீதில் நேரம் 2.40. வெளியே வந்தால் புரட்டாசியிலேயே ஐப்பசி மழை. வாசலில் ஒதுங்கி நின்றேன். அந்தப் பக்கம் காரில் வந்த லூயிஸ் கதவைத் திறந்து, "ஏறுங்க சார், நனையாதீங்க" என்றார். வழியெல்லாம் அவர் மகன் கனடா போன கதை.

ஐந்தரைக்கு மரத்தடிக்குப் போனேன். சைக்கிள் இல்லை.

பூட்டித்தான் வைத்திருந்தேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. மரத்தைச் சுற்றி மூன்று முறை வந்தேன். விடுதிப் பக்கம் போகிற ஈரப் பாதையில் டயர்த் தடங்கள் இருந்தன. யாருடையவை என்று தெரியாதா எனக்கு? பதினைந்து கடிதம் எழுதியவனுக்குப் பாடம் கற்பித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 14, சனி

நடந்து போனேன். நாற்பது நிமிடம். லூயிஸ் காரை நிறுத்தினார். ஏறவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். எழுத்தர் பேனாவைக்கூடத் திறக்கவில்லை.

"அரசாங்கம் குடுத்த சைக்கிளா சார்? இந்த ஊர்ல அது ஆயிரம் இருக்குமே. அடையாளம் ஏதாச்சும்?"

"பின் மட்கார்டில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். பாதி உரிந்தது."

"வயசுப் பொண்ணு சைக்கிள் மாதிரி சொல்றீங்க."

"என் மகளுடையது."

"அவங்க வந்து புகார் குடுத்தா இன்னும் நல்லது சார். ஊர்ல இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வருடா வருடம் என் மனைவி கோமதி சைக்கிளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பாள். இந்த வருடம் காற்றடிக்கும் பம்புக்கு வைத்தாள்.

அக்டோபர் 26, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

காலை ஒன்பதரை. நிறுத்துமிடத்தின் தட்டி ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் நீலச் சைக்கிள், முன்கூடை. உள்ளே போய்ப் பார்த்தேன். பின் மட்கார்டில் ஏதோ ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த பிசின் தடம். அதே இடம்.

அம்சவல்லி, "என்னா சார், வழி தவறி வந்துட்டீங்களா?" என்றாள். யாருடையது என்று கேட்டேன். டோக்கன் எண்ணைப் பார்த்து, "பாட்டனி பொண்ணு. நீலவேணி" என்றாள். பத்தே முக்காலுக்கு இடைவேளை. ஆள் அனுப்பி வரவழைத்தேன். மெலிந்த பெண், துப்பட்டாவைக் குறுக்காக முடிந்திருந்தாள். மூன்றாம் ஆண்டு. அதற்குள் முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

"இது யார் சைக்கிள்?"

"என்னுது சார். எங்க அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்தாங்க. அவளுக்குக் கல்யாணம் ஆனப்புறம் நான் ஓட்டறேன்."

"ஸ்டிக்கர் எங்கே?"

"எந்த ஸ்டிக்கர் சார்? காலேஜ் பாஸ் ஒட்டியிருந்தேன். போன வருஷத்துது, கிழிச்சிட்டேன்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கே."

கூட்டத்தில் யாரோ, "சாவியைப் போட்டுப் பாருங்க சார், தெரிஞ்சிடும்" என்றான். என் சாவியை எடுத்துப் பின்சக்கரப் பூட்டில் நுழைத்தேன். டக்கென்று திறந்துகொண்டது.

அந்தப் பெண் தன் சாவியை நீட்டி, "இதுவும் தொறக்கும் சார், பாருங்க" என்றாள். நான் அவள் சாவியை வாங்கவில்லை.

அம்சவல்லி குறுக்கே வந்தாள். "சார், இந்த ஓசிப் பூட்டெல்லாம் அப்படித்தான். பத்துச் சாவி எடுத்தீங்கன்னா மூணு ஒரே மாதிரி இருக்கும். வாரத்துக்கு ஒருத்தர் மாத்தி எடுத்துட்டுப் போயி சாயங்காலம் கொண்டாந்து விடுவாங்க. அவசரப்படாதீங்க."

"உன்னை நான் கேட்கவில்லை" என்றேன்.

பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுத்தேன். சாவி பொருந்தியதை முப்பது பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரு கூட்டமே என் பக்கம் சாட்சி சொன்னது என் வாழ்க்கையில் இன்றுதான்.

அக்டோபர் 28, சனி

சைக்கிளை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இருக்கையை இறக்கி வைத்திருக்கிறாள். முழங்கால் இடித்தது. உயர்த்தினேன்.

கோமதி வாசலில் நின்று பார்த்தாள். கைப்பிடியைத் தொட்டாள்.

"இது சுடரோட சைக்கிளா?"

"பின்னே?"

"பெல்லு சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு."

"மாத்தியிருப்பா. திருடினவ அப்படியேவா வச்சிருப்பா?"

"ஓ" என்றாள். இந்த "ஓ"வை முப்பது வருடமாகக் கேட்கிறேன்.

நவம்பர் 2, வியாழன்

ஒழுங்கு நடவடிக்கைக் குழு. நீண்ட மேஜை, நடுவில் தில்லைநாயகம். எனக்கு நாற்காலி போட்டார்கள். அந்தப் பெண் நின்றாள். அவளுடைய அப்பா வெளியே வராந்தாவில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

தில்லைநாயகம் என்னைப் பார்த்து, "உறுதியாத் தெரியுமாப்பா? ஒரே மாதிரி எத்தனையோ இருக்கே" என்றான். அந்த "அப்பா" எனக்குப் பிடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் தோளில் தட்டுவதுபோல. கொஞ்சம் தயக்கம் இருந்திருந்தால்கூட அதோடு போய்விட்டது. "நூற்றுக்கு நூறு" என்றேன்.

அவன் பெண்ணிடம் திரும்பினான். "இதப் பாரும்மா. தெரியாம எடுத்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு. இதோட முடிச்சிடறேன். இருபதாம் தேதி பரீட்சை. எழுதிக் குடுக்கலேன்னா விசாரணை முடியறவரைக்கும் ஹால் டிக்கெட் வராது. ஒரு வருஷம் போயிடும்."

"செய்யாததைச் செஞ்சேன்னு எப்படிங்க சார் எழுதறது?"

"பிடிவாதம் பிடிக்காதம்மா."

"பிடிவாதம் இல்லைங்க சார். எழுதிட்டா அது அப்புறம் என் பேர்லயே இருக்குமில்ல."

அழவில்லை. அதுதான் அவளுக்கு எதிராகப் போனது. நிரபராதி என்றால் அழுதிருப்பாள் என்று ஓர் உறுப்பினர் மெதுவாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

எழுதித் தரமாட்டேன் என்கிறவர்களை எனக்குத் தெரியும். நான்கு வருடங்களுக்கு முன் என் வீட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இனிமேல் ஏரிக்கரைக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சுடரிடம் சொன்னேன். அன்று மதியம் ஏரிக்கரையில் அவள் சைக்கிளை என் கண்ணால் பார்த்திருந்தேன். பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். "நான் லேப்ல இருந்தேன்பா" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். தாள் மூன்று நாள் மேஜையில் கிடந்தது. நான்காம் நாள் ஓசூரிலிருந்து அவள் மாமா வந்து அழைத்துப் போனார். அங்கேயே படித்து அங்கேயே வேலையும் பார்க்கிறாள். சைக்கிளை விட்டுவிட்டுப் போனாள்.

இதற்கும் இன்றைய விஷயத்துக்கும் சம்பந்தம் இல்லை. எழுத வேண்டாதது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 6, திங்கள்

நீலவேணி நூலகத்துக்கு வந்தாள். ஹால் டிக்கெட் வாங்குவதற்கு முன் நூலகத்தில் புத்தகப் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவன் நான். வரிசையில் கடைசியாக நின்று, தன் முறை வந்ததும் இரண்டு புத்தகங்களையும் படிவத்தையும் வைத்தாள். புத்தகங்களைத் திருப்பிப் பார்த்தேன். அடிக்கோடு இல்லை, மடிப்பு இல்லை.

"எப்படி வர்றே?" கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"மெயின் ரோடு வரைக்கும் நடந்து அங்க பஸ் சார். எங்க ஊருக்குள்ள பஸ் வராது."

"எவ்வளவு தூரம்?"

"அஞ்சு கிலோமீட்டர் இருக்கும். அப்பா கொண்டாந்து விடறேன்னாரு. அவருக்குக் காலைல கரும்பு வெட்டு."

கையெழுத்துப் போட்டேன். படிவத்தை எடுத்தவள் இரண்டடி போய்த் திரும்பி வந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சார், பின்சக்கரத்துல செயின் பக்கம் ஒரு கம்பி லூசா இருக்கும். பள்ளத்துல இறக்காதீங்க. ரிம்மு வளைஞ்சிடும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாலையில் பார்த்தேன். செயின் பக்கம், ஒரு கம்பி. விரலால் தொட்டதும் ஆடியது. என் சைக்கிளில் அப்படி இருந்ததில்லை. அவள் எடுத்த பிறகு ஆகியிருக்கும்.

நவம்பர் 8, புதன்

மூன்று பேர் ஒரு சைக்கிளில், நூலக வாசலில். நேரம் குறிக்கவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

தீபாவளிக்கு ஓசூருக்குப் பார்சல் அனுப்ப வேண்டும் என்று கோமதி ஒரு பெட்டியைத் துணியில் தைத்து வைத்திருந்தாள். வழக்கமாக அவளே போவாள். இந்த முறை முழங்கால் வலி. "நீங்க போயிட்டு வாங்க. பேரைக்கூட நானே எழுதிட்டேன்" என்றாள்.

அந்த மழை நாளுக்குப் பிறகு அஞ்சலகத்துக்கு இன்றுதான் போகிறேன். பார்சலைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், பக்கவாட்டுச் சந்தில், மதில் ஓரமாக ஒரு நீலச் சைக்கிள். கூடை நிறையச் சருகு. சருகு மழையில் ஊறிக் கறுத்திருந்தது. டயர்களில் காற்று இல்லை.

அஞ்சல்காரர் வேலாயுதம் கடிதக் கட்டோடு வந்தவர், "யாரோ ஒரு மாசமா விட்டுட்டுப் போயிருக்காங்க சார். உங்களுதா?" என்றார்.

"இல்லை."

"ஸ்டேஷன்ல சொல்லிடலாம்னு பாக்கறேன்."

"சொல்லுங்க" என்றேன்.

அவர் போன பிறகு சாவியைப் போட்டேன். திறந்தது. ஆனால் இந்தச் சாவி இரண்டையும் திறக்கிறதே, இதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? ஊரில் ஆயிரம் இருக்கிறது என்று போலீஸ்காரரே சொன்னார். பின் மட்கார்டு சுவரோடு ஒட்டியிருந்தது. இழுத்துப் பார்க்கவில்லை. மறுபடியும் பூட்டிவிட்டு வந்தேன்.

இரவு பழைய ரசீதைத் தேடினேன். பதிவேட்டுக்குள்ளேயே இருந்தது. 13-10, நேரம் 2.40. போகும்போது மணி அடித்தேன் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. நடந்து போகிறவன் மணி அடிக்கமாட்டான்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கோமதி கொல்லையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் போனதும் குரல் தாழ்ந்தது. மழை.

நவம்பர் 14, செவ்வாய்

கோமதி சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"சுடர்கிட்ட சைக்கிள் கெடைச்சிடுச்சுன்னு சொன்னேன்."

நான் ரசம் கேட்டேன்.

"சீட்டுக்கு அடியில பாத்தீங்களான்னு கேட்டா. நெயில் பாலீஷ்ல பேரு எழுதி வச்சிருக்காளாம். ஸ்கூல்லயே எல்லாம் மாறிப் போகுதுன்னு டீச்சர் எழுதச் சொன்னாங்களாம்."

"எனக்குத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. நம்மகிட்ட எதைத்தான் சொன்னா."

கொஞ்சம் பொறுத்து, "காலைலயே குனிஞ்சு பாத்துட்டேன்" என்றாள். "ஒண்ணும் இல்லீங்க."

"அழிச்சிருப்பா."

"யாரு?"

நான் கை கழுவப் போனேன்.

நவம்பர் 15, புதன்

அஞ்சலகத்துக்குப் போனேன். சந்தில் யாரும் இல்லை. குனிந்து பார்த்தேன். இருக்கிறது. சிவப்பு நிறம், ஒழுங்கில்லாத எழுத்து. சுடர்.

சருகுகளைக் கூடையிலிருந்து அள்ளிப் போட்டேன். பின்சக்கரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பட்டாம்பூச்சியின் ஒரு சிறகு மீதி இருந்தது.

நவம்பர் 16, வியாழன்

ஹால் டிக்கெட் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். தாவரவியல் மூன்றாம் ஆண்டில் இருபத்தொன்பது பெயர்கள். நீலவேணி இல்லை. சனிக்கிழமை மதியம் அலுவலகம் மூடும்வரைதான் வாங்க முடியும். திங்கட்கிழமை முதல் தேர்வு.

தில்லைநாயகம் நூலகத்துக்கு வந்தான். என் மேஜை முன்னாலேயே நின்றான்.

"அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் எழுதிக் குடுக்கலப்பா. நேத்து அவங்க அப்பா வந்து, நான் எழுதித் தர்றேங்க, என் பேர்ல எழுதிக்கிடுங்கன்னு அழறாரு. என்னால ஒண்ணும் செய்ய முடியல."

நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு ஏதாச்சும் சந்தேகம் இருந்தா சொல்லு. புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். யாரும் உன்னை ஒண்ணும் கேக்கமாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன். இருபத்துநான்கு வருடத்துக்கு முன் நேர்காணல் முடிந்து வெளியே வந்தபோதும் இதையேதான் சொன்னான்: அடுத்த வருஷம் இன்னொரு இடம் வரும், நான் பாத்துக்கறேன். வரவில்லை. அவன் என் சைக்கிளைத் திருடவில்லை, என் வேலையையும் திருடவில்லை. என்னைவிட நன்றாகப் பேசினான், அவ்வளவுதான். இதை எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. ஆனாலும் அவனிடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க என்னால் முடியவில்லை.

"சந்தேகம் இல்லை" என்றேன்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நவம்பர் 17, வெள்ளி

விடுப்பு போட்டேன். ஏரிக்கரைக்கு நடந்து போனேன். நான்கு வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. படித்துறைக்குப் பக்கத்தில், அன்று நின்ற இடத்திலேயே, இன்றும் சைக்கிள்கள் நின்றன. மாணவர்கள் தேர்வுக்குக் கூடிப் படிக்கிற இடம். எண்ணினேன். நீல நிறம், முன்கூடை வைத்தது, நான்கு.

அன்று நான் பார்த்தது சைக்கிளை மட்டும்தான். அவளை அல்ல.

நான்கு வருடங்களில் ஒருமுறைகூட இந்த வரியை நான் நினைத்துப் பார்த்ததில்லை என்று சொல்லமாட்டேன். சைக்கிளைத் துருப்பிடிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வளைவில் ஒரு சைக்கிளில் மூன்று பேர் வந்தார்கள். "சார், சைடு" என்றார்கள். ஒதுங்கினேன்.

நவம்பர் 18, சனி, காலை ஆறு மணி

நேற்று மாலை பம்பை எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போய் இரண்டு டயருக்கும் காற்றடித்து, சுடரின் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேலாயுதம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுது இல்லைன்னீங்களே சார்" என்றார். "என்னுது இல்லை, என் மகளுது" என்றேன். இரண்டு சைக்கிள்களும் இப்போது வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எட்டடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே தெரியவில்லை. நீலவேணியின் இருக்கையை முன்பு இருந்த உயரத்துக்கே இறக்கினேன். ஆடிய கம்பியை முடுக்கினேன்.

அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விதி உண்டு. கையெழுத்தில்லாத மனு மொட்டைக் கடிதம். அதைக் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். நானே பல முறை மூடியிருக்கிறேன். கையெழுத்துப் போட எனக்கு இன்னும் கை வரவில்லை, அதனால் இதைக் குழுவுக்கு அனுப்பப் போவதில்லை. அம்சவல்லியின் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மேலே ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் ஊரில் சைக்கிள் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அதன் கீழே நிற்பார்கள். அங்கே மாட்டினால் யாரும் கோப்பில் போட்டு மூட முடியாது. பன்னிரண்டு மணிக்கு முன் தில்லைநாயகத்தின் காதுக்குப் போய்விடும். அவனுக்கு என் எழுத்து தெரியும். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் படித்தான்.

அதற்காக ஒன்றைத் தெளிவாக எழுதுகிறேன். மூன்றாம் ஆண்டு தாவரவியல் மாணவி நீலவேணி எதையும் திருடவில்லை. அவள் சைக்கிள் அவளுடையதுதான். புகார் கொடுத்தவன் அக்டோபர் 13 அன்று தன் சைக்கிளை அஞ்சலகத்தில் நிறுத்திவிட்டு, மழைக்குக் காரில் ஏறித் திரும்பி வந்துவிட்டான். நவம்பர் 10 அன்று அது அங்கே நிற்பதைப் பார்த்தான். எட்டு நாள் வாய் திறக்கவில்லை. அஞ்சல் ரசீதை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். சாவியை நூலில் கட்டித் தொங்கவிடுகிறேன். இரண்டு சைக்கிள்களும் பலகைக்குக் கீழே நிற்கும். இரண்டிலும் போட்டுப் பார்க்கலாம். எது யாருடையது என்று சந்தேகம் வந்தால் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்க்கலாம்.

புதிதாகத் தாள் எடுத்துப் படியெடுக்க நினைத்தேன். படியெடுத்தால் சில இடங்களைத் திருத்துவேன், தெரியும். பதிவேட்டுப் பக்கங்களையே கிழித்துக் கோத்து மாட்டுகிறேன். ஏரிக்கரைப் பக்கமும் இருக்கட்டும்.

கோமதி காபி கொண்டுவந்து வைத்தாள். நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாள்.

"கீழ பேரு போடலியா?"

"சைக்கிள்ல இருக்கே. ஊருக்கே தெரியும், யாரு பொண்ணுன்னு."

"அது அவ பேருங்க."

காபி ஆறிக்கொண்டிருக்கிறது. அவள் இன்னும் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் சொன்னது சரிதான். பேனாவை மறுபடி திறந்தேன். பக்கத்தின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது. என் பெயர் அதில் தாராளமாக அடங்கும்.

மணி ஆறே முக்கால். முதலில் நீலவேணியின் சைக்கிளைக் கொண்டுபோய் விட்டு, நடந்து வந்து அடுத்ததை எடுத்துப் போக வேண்டும். நேரம் சரியாக இருக்கும். இப்படியே மாட்டுகிறேன். பெயர் எழுதவில்லை.